இரண்டு இடதுகால் செருப்பும் ஒரு கடல் நத்தையும்

“முழங்கால் தண்ணியில நிண்டே குளறுறவள், கடலைப் படிக்கப் போறாளாம்!”

நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் எடுத்தபோது மாமா எங்கள் முற்றத்தில் நின்று சொன்னது இது. அம்மாவின் தம்பி அவர். சொன்னதில் பொய்யில்லை. எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்கு உட்புறம், வயலும் காடும் சந்திக்கும் இடத்தில். யானை வந்தால் தகரம் தட்டி விரட்டுவேன். குளத்தில் இறங்கச் சொன்னால் மாட்டேன்.

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் புத்தகம் திறந்தவள் நான். இன்று கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் ஆய்வு உதவியாளர். பெருமையாகவே சொல்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தங்கச்சிமாருக்காக, இங்கே நடந்த ஒன்றை எழுதி வைக்கிறேன்.

1. நத்தைக்கு எந்த ஊர்?

இந்து சமுத்திரத்தின் நடுவில், வெளிச்சம் எட்டாத ஆழத்தில், கடலடி பிளந்து கொதிநீர் கக்கும் இடங்கள் உண்டு. வெந்நீர் ஊற்றுகள் என்போம். அவற்றைச் சுற்றி நத்தையும் இறாலும் மட்டியும் கூட்டமாக வாழும். ஓர் ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் இடையில் வெகுதூரம் குளிரும் இருட்டும்தான். வளர்ந்த நத்தையால் அதைக் கடக்க முடியாது. முட்டையிலிருந்து வந்த புதிதில், கண்ணுக்குத் தெரியாத குடம்பிப் பருவத்தில் நீரோட்டம் கொண்டுபோனால்தான் உண்டு.

கொண்டுபோகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. உலோகம் தோண்ட இயந்திரம் இறங்கி ஓர் ஊற்று அழிந்துபோனால், அடுத்த ஊற்றிலிருந்து நத்தைகள் வந்து குடியேறுமா, இல்லை அந்தக் கூட்டம் அதோடு முடிந்ததா? அதைச் சொல்லவேண்டும் என்றால் இரண்டு இடத்து நத்தைகளின் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

வெளிநாட்டுக் கப்பல் ஒன்று பிடித்த நத்தைகளின் சதைத் துண்டுகள், எதனோல் ஊற்றிய சின்னச் சின்ன பிளாஸ்ரிக் ரியூப்களில் எங்களுக்கு வந்தன. வடக்கு ஊற்று என்றால் மூடியில் ‘என்’, தெற்கு என்றால் ‘எஸ்’. சதையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதும், பிசிஆர் மெசினில் அதைப் பெருக்குவதும், எழுத்துவரிசை வாசிக்க அனுப்புவதும் என் வேலை.

இதை வீட்டில் விளங்கப்படுத்தியபோது மாமா கேட்டார்: “அப்ப ஆர் எந்த ஊர் எண்டு பாக்கிறாய். நத்தைக்குக் கிராமசேவகர் வேலை எண்டு சொல்லன்!”

அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

2. எஸ் 17

முடிவுகளைக் கணினியில் போட்டபோது வடக்கு நத்தைகள் நீலப் புள்ளிகளாக ஒரு பக்கமும், தெற்கு நத்தைகள் மஞ்சள் புள்ளிகளாக மறுபக்கமும் விழுந்தன. ஒரேயொரு மஞ்சள் மட்டும் நீலக் கூட்டத்துக்கு நடுவில் இருந்தது. எஸ் 17. மிச்சச் சதையில் மறுபடி டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தேன். அதே இடம்.

வடக்கில் பிறந்து தெற்குக்கு வந்து சேர்ந்த நத்தை! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

ஒன்லைன் கூட்டத்தில் கப்பல் குழுவின் பேராசிரியர் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ரியூப்களை ஒன்றாகத் திறந்து மூடியை மாற்றிப் போடுவது எல்லா ஆய்வுகூடத்திலும் நடக்கிற பிழை, அந்த ஒன்றை நீக்கிவிடுங்கள் என்றார். கொஞ்சம் யோசித்து, ஒன்று மாறியிருந்தால் வேறு எத்தனை மாறியிருக்குமோ, எல்லாவற்றையும் வேறு இடத்தில் திரும்பச் செய்விப்பதுதான் நல்லது என்றும் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான மிஸ் என்னைப் பார்த்தா.

“ரியூப் எல்லாம் உம்மட கையாலதானே போனது?”

“ஓம் மிஸ். ஒண்டை மூடாமல் மற்றதைத் திறக்கிறேல்ல.”

“எனக்குத் தெரியும். அவருக்கு எப்பிடித் தெரியும்?”

எஸ் 17ஐ நீக்கினால், மூடி மாற்றியவள் நான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அத்தோடு, அவ்வளவு தூரம் வந்து சேர்ந்த அந்த ஒற்றை நத்தை வரவே இல்லை என்றாகிவிடும்.

3. செருப்பு

அன்று மத்தியானம் நஸ்ரினாவோடு சாப்பிட உட்கார்ந்தேன். எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்ப அலுவலர், முல்லைத்தீவுக்காரி. விசயத்தைச் சொன்னேன்.

“மூடி மாறுறது ஒரு பெரிய கதையே? எங்கட வாப்பா ஒருக்கா ஜும்மாவுக்குப் போயிட்டு ரெண்டு இடதுகால் செருப்போட வந்தவர். வீட்டு வாசல்ல உம்மா சொல்லித்தான் அவருக்கே தெரியும்.”

“அப்ப இன்னொரு ஆள் ரெண்டு வலதுகால் செருப்போட வீட்ட போயிருப்பாரே?”

“பின்ன? அடுத்த நாள் காலமையே அவர் சைக்கிள்ல வந்திட்டார், சண்டை பிடிக்க.”

சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்த என் கை நின்றுவிட்டது.

“நஸ்ரினா, மூடி மாறியிருந்தா எங்களுக்கும் அந்த ரெண்டாவது ஆள் இருக்கவேணும்.”

எஸ் 17 மூடியின் கீழ் வடக்கு நத்தை இருப்பது மாற்றத்தால் என்றால், ஏதோ ஒரு ‘என்’ மூடியின் கீழ் தெற்கு நத்தை இருக்கவேண்டும். திரையில் மஞ்சள் கூட்டத்துக்குள் ஒரு நீலப் புள்ளி தெரியவேண்டும். அப்படி ஒன்றும் இல்லை.

நஸ்ரினா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “துள்ளாத. வடக்கில கொஞ்ச ரியூப் பிசிஆர் வரேல்ல எண்டு விட்டிட்டியே. வலதுகால் செருப்பு அதுக்குள்ள கிடந்தா?”

சரிதான். சில வடக்கு ரியூப்களில் டி.என்.ஏ. பெருகவே இல்லை, அவை திரையில் இல்லை. பேராசிரியர் கேட்பதற்கு முன் அவற்றை நாங்களே பார்த்துவிடவேண்டும்.

நத்தைச் சதையில் ஒரு வழுவழுப்பு இருக்கும், வெண்டிக்காயில் இருப்பதுபோல. அது டி.என்.ஏ.யோடு சேர்ந்து வந்தால் பிசிஆர் வேலை செய்யாது. அந்த ரியூப்களை மட்டும் மறுபடி எடுத்து, கழுவி, தண்ணீர் விட்டு இன்னும் நன்றாக ஐதாக்கி மெசினில் போட்டேன். டி.என்.ஏ. பெருகியதைக் காட்டும் கோடு ஜெல்லில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வாசிக்க அனுப்பினோம். முடிவு வரும்வரை நஸ்ரினா என்னைக் கண்டபோதெல்லாம் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போவாள்.

முடிவு வந்தது. எல்லாம் நீலக் கூட்டத்துக்குள்ளேயே விழுந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தெற்கு நத்தை இல்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. வடக்கில் பிடித்த நத்தை ஒன்று கப்பலின் கூடையில் ஒட்டிக்கொண்டு தெற்கு நத்தைகளோடு கலந்திருக்கலாம் அல்லவா? பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். அவர் தேடிப் பார்த்துப் பதில் போட்டார்: கூடை முதலில் இறங்கியது தெற்கில்தான். அப்போது வடக்கு நத்தை எதுவும் கப்பலிலேயே இல்லை.

அடுத்த கூட்டத்தில் மிஸ் தான் இருந்த கதிரையை எனக்குத் தள்ளிவிட்டா. “செருப்புக் கதையை நீரே இங்கிலீசில சொல்லும்.”

சொன்னேன். பேராசிரியர் சிரித்தார். எஸ் 17 இருக்கட்டும் என்றார். வேறு எதையும் திரும்பச் செய்யத் தேவையில்லை என்றார். ஒரு நத்தை வந்ததற்காகப் பாதை திறந்து கிடக்கிறது என்று நாங்கள் கட்டுரையில் எழுதவில்லை. அடியோடு அடைபட்டுக் கிடக்கவில்லை என்றுதான் எழுதினோம். என் பெயரும் அதில் இருக்கிறது.

தங்கச்சிமாரே, ஒரு புள்ளி இடம் மாறி நின்றால் உடனே நம்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். மாறியதென்றால் அதற்கு ஒரு ஜோடி எங்கோ இருக்கும். அதைத் தேடுங்கள். வேலை செய்யாத ரியூப்களுக்குள்ளும் தேடுங்கள்.

4. விளிம்பு

அந்தக் கூட்டத்தின் கடைசியில் பேராசிரியர் ஒன்று கேட்டார். இரண்டு ஊற்றுகளுக்கும் நடுவில் இன்னொன்று கண்டிருக்கிறார்கள். அடுத்த பயணத்துக்கு நீங்கள் வரமுடியுமா? கப்பலில் ஏறுவதற்கு முன் கடல் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. நீந்தத் தெரிந்திருக்கவேண்டும்.

யோசிக்க முதலே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மாமாவுக்குக் கேள்விப்பட்டதும் சிரிப்பு. “கிராமசேவகர் இனி வீடு வீடாப் போகப் போறாவோ?” என்றார். ஆனால் சனிக்கிழமை விடியவே மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நின்றவரும் அவர்தான், என்னை பஸ்ஸுக்கு ஏற்றிவிட.

கிளிநொச்சி நீச்சல் தடாகத்தில் என் வகுப்பில் மற்ற எல்லாரும் என் இடுப்பளவு உயரப் பிள்ளைகள். முதல் இரண்டு சனிக்கிழமையும் சுவரைப் பிடித்தபடியே நின்றேன். நீச்சல் பழக்குகிறவள் என்னைவிட இளையவள். “அக்கா, விளிம்பை விடுங்கோ. நான் நிக்கிறன்” என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள்.

போன சனிக்கிழமை விளிம்பை விட்டுவிட்டேன்.