நான் சாட்சியில் சொல்லாமல் விட்ட பெயர்

என்னோடு ஒரே ஆலயத்தில் முழங்காலிடும் சகோதர சகோதரிகளுக்கு,

தொண்ணூறுகளின் நடுவில் நான் உங்கள் முன் எழுந்து ஒரு சாட்சி சொன்னேன். கொடிய நோயிலிருந்து கர்த்தர் என்னைத் தப்புவித்தார் என்றேன். நீங்கள் புற்றுநோய் என்று நினைத்தீர்கள். நான் திருத்தவில்லை. நான் பயந்தது எயிட்ஸுக்கு.

அப்போது நான் பதுளையில் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவன், மணமுடிக்காதவன். தங்கராஜ் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதுளை பஸாரில் தையல் கடை வைத்திருந்தார். பத்து வருடம் நாங்கள் ஒருவரையொருவர் நேசித்தோம். கணவன் மனைவி நேசிப்பது போல என்று எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும். எங்களைப் போன்ற ஆண்கள் இன்னும் மூவர் ஞாயிறு மாலைகளில் அந்தக் கடைக்கு வருவார்கள். கரம் போர்ட் விளையாடுவோம், சிரிப்போம். எங்களுக்கென்று ஊரில் இருந்த ஒரே இடம் அது.

தங்கராஜ் மெலியத் தொடங்கினார். இரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்தது. "ஆரிட்டை இருந்து வந்தது?" என்பதே நான் முதலில் கேட்டது. சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. அதன்பிறகு அந்த மூவரும் கடைக்கு வரவில்லை. ஒருவர் மொனராகலைக்குப் போய் அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார். மற்ற இருவரும் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். தங்கராஜ் குடித்த கோப்பையைத் தொட நானும் பயந்தேன். ஒரு கை என் தோளில் படுவதே மரணம் போல் ஆகிவிட்டது.

கொழும்புக்குப் போய் வேறு பெயரில் இரத்தம் கொடுத்தேன். முடிவு வரும்வரை, "எனக்கு மட்டும் வேண்டாம் ஆண்டவரே" என்று அழுதேன். நோய் இல்லை என்றார்கள். அடுத்த ஞாயிறுதான் அந்தச் சாட்சி.

தங்கராஜ் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னிடம் வந்தார்.

"சாட்சி நல்லா இருந்திச்சி மாஸ்டர். அதுல என்னையத்தான் காணோம்."

"ஆக்கள் பாக்கினம், தங்கராஜ். இப்ப போம். பிறகு கதைப்பம்."

அவர் போனார். அந்தக் கிழமையே கடை பூட்டப்பட்டது. பூனாகலையில் அக்கா இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, போய்விட்டதாக அறிந்தேன்.

மூன்று மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கேட்டது கிடைத்திருந்தது; பேச யாரும் இல்லை. பாடசாலை, அறை, மறுபடி பாடசாலை. அவரை நேசித்ததை அல்ல, அவரை அறியாதவன் போல் நின்றதையே என் பாவமாக உணர்ந்தேன். கடைசியில் ஒரு வேண்டுதல் மட்டும் வந்தது: "அவர் உயிரோடு இருக்கும்போதே நான் யாரென்று சொல்லத் தைரியம் தாரும். அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிடும்."

ஒரு சனிக்கிழமை பூனாகலைக்கு பஸ் ஏறினேன். லயத்து வாசலில் அவருடைய அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"யாருங்க நீங்க? ஆஸ்பத்திரி ஆளா?"

ஆசிரியர், சபைக்காரர் என்று எத்தனையோ பதில்கள் தயாராக இருந்தன.

"நான் தங்கராஜோட இருந்தனான், அக்கா. பத்து வருசம். எனக்கெண்டு இருந்தது அவர் ஒராள்தான்."

அவர் குடத்தை இறக்கி வைத்தார்.

"இந்த லயத்துல ஒருத்தரும் எங்க வாசப்படிய மிதிக்கிறதில்லைங்க. நீங்க உள்ள வாறீங்களா?"

"வாறன்."

"அப்ப செருப்பக் கழட்டிட்டு வாங்க. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கான்."

பாயில் எலும்பாய்க் கிடந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், சட்டை தொளதொளன்னு தொங்குது? எந்தக் கழுத தச்சான்?"

"கடையிலை வாங்கினது."

"அதான பாத்தேன்."

சிரித்தார், இருமல் வந்தது. நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

கர்த்தரிடம் அவருக்குச் சுகம் கேட்டேன், கிடைக்கவில்லை. ஏழு சனிக்கிழமைகள் கிடைத்தன. அடக்கத்தின்போது அக்கா எல்லார் முன்னும் என்னை அழைத்தார். "மொதப்பிடி மண்ண நீங்க போடுங்க" என்றார். நான் கேட்டதற்கு மேலாகக் கர்த்தர் கொடுத்தது அது.

ஓய்வு பெற்ற பிறகு, யாரும் பார்க்க வராத நோயாளிகளோடு போய் உட்காருகிறேன். ஏன் என்று கேட்ட சிலரிடம் காரணத்தைச் சொன்னேன். பேச்சு பரவியது. ஆலயத்தில் நான் உட்காரும் வாங்கில் என் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. தனிமைதான். ஆனால் ஜெபிக்கும்போது நான் எதையும் ஒளிப்பதில்லை. அந்த நிம்மதிக்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாராவது அன்பான ஒருவரை மறைத்து வாழ்ந்தால், நோய்க்குப் பயந்து ஒதுக்கியிருந்தால், கர்த்தரிடம் தைரியம் கேளுங்கள். என்னைப் போல் பிந்திக் கேட்டவனுக்கும் அவர் தந்தார். பேச ஓர் ஆள் தேவையென்றால் ஞாயிறு காலை வாருங்கள். என் வாங்கில் இடம் நிறைய இருக்கிறது.