எரிஞ்ச கடைக்கு வழி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் புது வீட்டுக்குக் குடிபோனான். "எந்தக் கடைகிட்டடா திரும்பணும்?" என்று போனில் கேட்டேன். "மாமா, லொக்கேஷன் அனுப்பியிருக்கேன்லா, அதைத் தட்டுங்க, அதுவே கூட்டிட்டு வந்துரும்" என்றான். தட்டினேன். ஈப்போவை விட்டுத் தெற்கே வந்தது முதல் ஒரு பெண்குரல் இருநூறு மீட்டர், இடது, வலது என்று அதட்டிக்கொண்டே வந்தது. ஒரு கடையின் பெயரைக்கூடச் சொல்லாமல் வழி சொல்கிறவளை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

பின்சீட்டில் அவனுக்காக வாங்கிய சாமி மாடம் இருந்தது. புது வார்னிஷ் வாசனை காரை நிறைத்துவிட்டது. எனக்கு அந்த வாசனை பட்டால் போதும், இருபத்திரண்டு வயதாகிவிடும்.

அந்த வயதில் ஈப்போவில் ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்த்தேன். லோரியில் கூடப் போய்ச் சாமானை வீடு சேர்ப்பது என் பொறுப்பு. லோரி ஓட்டியவர் பாக் டின். மலாய்க்காரர். எஸ்டேட்டை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்ததால் தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவார், என்னைவிட நன்றாகத் திட்டுவார். எங்கள் இருவருக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. வழியெல்லாம் கடைப் பலகைகளில் 'கெடை' என்று மலாயில் எழுதியிருக்குமல்லவா, அந்தச் சொல் யாருடையது என்பதுதான் வழக்கு. எங்கள் 'கடை' கப்பலேறி வந்து 'கெடை' ஆனது என்பது என் கட்சி. "உங்க ஆளுங்க வர்றதுக்கு முன்ன நாங்க எல்லாம் காத்தையா வித்தோம்?" என்பது அவர் கட்சி. பள்ளியில் தமிழ் வாத்தியார் சொன்னதை ஒருநாள் எடுத்துவிட்டேன். கடை என்றால் முதலில் வாசல், புழக்கடை என்கிறோமே அதுபோல, வாசலில் வைத்து விற்றதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்றார் வாத்தியார். 'வந்திருக்கலாம்' என்பதை விட்டுவிட்டு மற்றதை அடித்துச் சொன்னேன். "அப்ப கூரை, செவரு, சாமான் ஒண்ணும் இல்லாம வாசல் மட்டும் இருந்தா அது கடையா? காட்டு, தே நான் வாங்கித் தர்றேன்" என்றார் பாக் டின். தே என்றால் எங்கள் பக்கம் டீ.

அந்தச் சமயத்தில்தான் லெட்சுமி வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். தன் சம்பளத்தில் கண்ணாடி வைத்த அலமாரி ஒன்றை எங்களிடம் வாங்கினாள். ஞாயிறு பதினோரு மணிக்குத் தெலுக் இந்தானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வருகிறார்களாம். "அவங்க வர்றதுக்கு முன்ன அலமாரி ஹால்ல நிக்கணும்ணே. வெறும் வீடுன்னு மாப்பிள்ளையோட அம்மா முன்னயே ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. வீடு எங்கே என்றேன். "எஸ்டேட்டுக்குள்ள வந்து எரிஞ்ச கடைகிட்ட திரும்புங்க. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

எஸ்டேட்டில் பிறந்தவர்கள் கடைக்குப் பெயர் வைக்கிற அழகு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் டவுன்காரன், பார்த்ததை நம்புகிறவன். முதலில் ஒரு பச்சைக் கட்டடம் வந்தது. அதன் பெயர் வெள்ளைக்கடை. மேட்டுக்கடை ஒரு பள்ளத்தில் இருந்தது; மேட்டை வெட்டி ரோடு போட்டுவிட்டார்களாம். இருப்பதிலேயே பழசாக, கூரையெல்லாம் பாசி பிடித்துக் கிடந்ததுதான் புதுக்கடை. கரிபிடித்த கடை ஒன்றைத் தேடி அந்தப் பாதையில் மூன்று முறை போய் வந்தோம். மணி பத்தரை.

புதுக்கடையில் இறங்கிக் கேட்டேன். கடைக்காரர் முறுக்கு டின்னை மூடியபடி, "நேரா போயி எரிஞ்ச கடைகிட்ட சோத்தாங்கைப் பக்கம் ஒடி" என்றார்.

"எரிஞ்ச கடை எங்கண்ணே இருக்கு?"

"இல்லையே. எரிஞ்சு போச்சே."

"எப்பண்ணே?"

"நான் பொறக்கறதுக்கு முன்ன."

லோரியில் ஏறி இதைச் சொன்னபோது பாக் டின் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

நான்காம் முறை அதே பாதையில் ஒரு முச்சந்தி வரை போனோம். மரவள்ளிச் செடிகள் நடுவே புல் மண்டிய ஒரு மேடை, அதில் மூன்று சிமெண்டுப் படி. வேறொன்றும் இல்லை. முன்பு போனபோதெல்லாம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். இப்போது அதன் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. மேல்படியில் பட்டுப்புடவையோடு ஒரு பெருத்த அம்மாள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கீழே தாம்பாளத் தட்டுகளோடு ஏழெட்டுப் பேர்.

"எரிஞ்ச கடையாம் எரிஞ்ச கடை. நல்ல நாளும் அதுவுமா சொல்ற பேரா இது? ஒரு விலாசம் ஒழுங்கா சொல்லத் தெரியாத வீட்ல பொண்ணு எடுக்கணுமா? வண்டியத் திருப்புடா" என்று அந்த அம்மாள் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை என்று பார்த்தாலே தெரிந்தது.

எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அம்மா, நீங்க உக்காந்திருக்கறதுதான் எரிஞ்ச கடை. வாங்க, லோரி பின்னாலயே வாங்க" என்றேன். அந்த அம்மாள் படியை விட்டுத் துள்ளி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார், நெருப்பு இன்னும் அணையாததுபோல. பாக் டின் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசல் மட்டும் இருக்கு" என்றார் மெதுவாக. "சரி, தே என் கணக்கு. ஆனா 'கெடை'ங்கற சொல்லு இன்னும் எங்களதுதான்."

செம்மண் பாதையில் நாங்கள் முன்னே, வேன் பின்னே. அலமாரியைச் சுற்றிய காகிதம் காற்றில் கிழிந்து பறந்துவிட்டது. கண்ணாடி வேனைப் பார்த்தபடி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். முன்சீட்டில் அந்த அம்மாள் பூவைச் சரிசெய்தார், பொட்டை நேராக்கினார், கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டார். வரிசையாய்க் கட்டிய லயத்தில் லெட்சுமி வீடு வரும்வரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வாசலில் நின்ற லெட்சுமிக்கு, லோரியையும் வேனையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. அவள் கேட்ட ஒரே காரியத்தை நான் கெடுத்துவிட்டேன். அந்த அம்மாள் முதலில் இறங்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். "அலமாரி நல்லாத்தான் இருக்கு. வழி முழுக்கப் பாத்துட்டேன்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "நிக்கறான் பாரு. ஒரு கை புடிடா" என்றார். பரிசம் போட வந்த மாப்பிள்ளை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்வீட்டு அலமாரியைத் தூக்கி ஹாலில் வைத்தது அந்த எஸ்டேட்டில் அந்த ஒருமுறைதான் நடந்திருக்கும்.

"வழி கேட்டா சொல்ல மாட்டாங்களாண்ணே?" என்றாள் லெட்சுமி என்னிடம்.

"கேட்டோம்மா. சொன்னாங்க" என்றேன்.

புதுக்கடையில் பாக் டின் வாங்கித் தந்த தேயில் சர்க்கரை அதிகம். இப்போதும் நாக்கில் இருக்கிறது. போன வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்கு அப்படியே நிற்கிறது, எதிர்க்கட்சி இல்லாமல் ஜெயித்து என்ன செய்ய? ஈப்போவில் எங்கள் மரச்சாமான் கடை இருந்த இடத்தில் இப்போது காப்பி விற்கிறார்கள், சுவரை வேண்டுமென்றே பழசாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எஸ்டேட்டில் ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன.

காருக்குள் அந்தப் பெண்குரல் "சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு அடங்கியது. பார்த்தால் நட்டநடு முச்சந்தி. சமிக்ஞை விளக்கு, நாலு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், ஆள் நடமாட்டமே இல்லை. தூரத்தில் தெரிந்த மலையை வைத்துத்தான் இடம் பிடிபட்டது. படிகள் இருந்த இடத்தில் தார் ரோடு. அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"எரிஞ்ச கடைகிட்ட நிக்கறேன்டா."

"எந்தக் கடை? அங்க கடையே இல்லையே மாமா."

"ஆமாடா, இல்லை" என்றேன். "நீ வந்து கூட்டிட்டுப் போ."