மணல் இறங்குவதற்குள் எத்தனை லேஞ்சி

ஒல்லாந்தர் கோட்டை வாசலுக்கு எதிரே எங்கள் கடை. கைக்குட்டை, அதாவது எங்கள் பேச்சில் லேஞ்சி, அப்புறம் தலைப்பாகைத் துணி, இடைக்கச்சை, சிப்பிப் பொத்தான் விற்றோம். முதலாளிக்குக் கீழே வேலைக்கு நாங்கள் மூன்று ஆள். நான், என் தங்கை மாப்பிள்ளை, சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்து எல்லாரையும் நைனா என்று கூப்பிடும் ஒருத்தர். நான் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பவனும் நான்தான். கடைக்கு வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான்.

ஒருநாள் முதலாளி கோட்டை எழுத்தரிடமிருந்து ஒரு மணற்கண்ணாடி வாங்கி வந்தார்.

"இதுல மணல் ஒருதபா இறங்குறதுக்குள்ள யார் எத்தினி உருப்படி விக்கிறீங்கனு பாக்கப்போறேன். கோட்டையில எல்லா வேலையும் இப்படித்தான் அளக்கிறாங்களாம்."

ஆளுக்கொரு கொட்டாங்குச்சி கொடுத்தார். ஓர் உருப்படி விற்றால் அதில் ஒரு சிப்பி போட வேண்டும். "அஞ்சு நாள் பாப்பேன். கம்மியா வித்தவன் படகுல சரக்கை ஏத்திக்கினு பசியாவரம் தீவுல போய் விக்கணும்" என்றார். அதற்கு ஏரியைத் தாண்ட வேண்டும், அதுவும் படகில்.

முதல் நாள், கப்பல்காரன் ஒருத்தன் வந்து மாப்பிள்ளையிடம் ஒரே மூச்சில் பன்னிரண்டு லேஞ்சி வாங்கிப் போனான். பன்னிரண்டு சிப்பி. எனக்கு வந்தது குப்பத்து அம்மா ஒருத்தர். புருஷனுக்கு ஒரே ஒரு இடைக்கச்சை வேண்டுமாம். இடுப்பளவு கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். "இது ஆளா, தோணியா?" என்றேன். சிரித்துவிட்டு, அந்தத் தோணி எங்கெங்கே தரைதட்டியது என்று முழுக்கதையும் சொல்ல ஆரம்பித்தார். மணல் இறங்கியது, திருப்பி வைத்தார்கள், மறுபடி இறங்கியது. எனக்கு ஒரு சிப்பி.

வீட்டுக்குப் போனதும் படகு ஆட்டத்துக்குப் பழகிப் பார்க்கலாம் என்று மரத்தொட்டியில் உட்கார்ந்து மனைவியை ஆட்டச் சொன்னேன். "இன்னா, தொட்டில் கட்டற வயசா உனக்கு?" என்று கேட்டபடி ஆட்டினாள். மூன்றாவது ஆட்டத்தில் தின்ற சோறு வெளியே வந்தது. தொட்டியைக் கழுவியதும் நான்தான்.

மறுநாள் காலை இருவரிடமும் புலம்பினேன். மாப்பிள்ளை மணற்கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.

"பாடு வச்சுக்கலாம் மச்சான்."

ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்தில் ஆளாளுக்கு வலை போட முடியாது. முறை வைப்பார்கள். முறை இல்லாதவன் வலையைச் சுருட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். அதுதான் பாடு. கடையிலும் அப்படியே வைத்தோம். ஒருதபா மணல் இறங்கும்வரை வருகிற ஆள் எல்லாம் ஒருவனுக்கே. மற்ற இருவர் சரக்கு எடுத்துக் கொடுப்பார்கள், மடிப்பார்கள். கடைசி நாளில் எவன் சிப்பி குறைவோ அவனுக்கே முறை, மூன்றும் சமமாகும்வரை.

முறை இல்லாத நேரத்தில் எனக்கு ஒரே வேலை, காத்திருப்பவர்களிடம் வாயடிப்பது. "நீ பேசு நைனா, ஆளு நகராம இருந்தா போதும், நான் மடிக்கிறேன்" என்பார் சுண்ணாம்புக்குளத்தார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் முதலாளி சிப்பிகளை எண்ணினார். மூன்று கொட்டாங்குச்சியிலும் ஒரே எண்ணிக்கை. மறுபடி எண்ணினார். அவரும் ஏரிக்கரையில் பிறந்தவர்தான்.

"பாடு வச்சீங்களா?"

சுண்ணாம்புக்குளத்தார் அவசரமாக ஒரு லேஞ்சியை எடுத்து மடித்தார். முதலாளி அலமாரியைப் பார்த்தார். லேஞ்சிக் கட்டுகள் பாதிக்குமேல் காலி. ஐந்து நாளில் அந்த அலமாரி அப்படிக் காலியாகி நாங்கள் பார்த்ததில்லை.

"சரக்கு என்னமோ நல்லாத்தான் போயிருக்கு. அப்போ படகுக்கும் பாடுதான். மொதல் முறை நீ" என்று என்னைக் காட்டினார்.

"ஏன் முதலாளி, நானு?"

"இந்த யோசனை வேற யாருக்கு வரும்?"

மாப்பிள்ளை கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் படகில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். வாய்க்குள் எலுமிச்சை. கொஞ்ச தூரத்திலேயே படகு தரைதட்டியது. "தண்ணி வத்திப்போச்சு, இறங்கித் தள்ளுங்கண்ணே" என்றார் படகுக்காரர். இறங்கினேன். முழங்கால்கூட நனையவில்லை. இந்த ஏரிக்கா அஞ்சு நாளாகச் செத்துப் பிழைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. நடுவில் ஆழமான ஓடை வந்த இடத்தில் மட்டும் படகு விளிம்பைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். மீதி தூரம் பூரா நடைதான்.

படகு பக்கத்தில் வர, ஒரு வியாபாரி ஏரியில் நடந்து வருவதைப் பார்க்கப் பசியாவரமே கரைக்கு வந்துவிட்டது. கட்டியிருந்த ஈர வேட்டியோடு அங்கேயே மூட்டையைப் பிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள்.