கார்டுக்கு வைத்த பொட்டு

அன்னூரில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கேசட் காலத்தில் ஒருமுறை, எடிட்டிங்குக்காகக் கோவைக் கடை ஒன்றில் கம்ப்யூட்டரின் பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்து, அதே இடத்தில் பொருந்தும் புதியதை வாங்கினேன். வீட்டில் பூஜை செய்து மாட்டினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. நான் எடுத்த கல்யாணத்தின் மாப்பிள்ளை மறுநாள் துபாய் கிளம்புகிறார்; அதற்குள் கேசட் தரவேண்டும். பயந்துபோய்க் கார்டோடு கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, இதுல சந்தனம் யாரு வெச்சது?”

“நாந்தானுங்க.”

“உள்ள சொருகற பல்லுலயே வெச்சுப்போட்டீங்களே, அப்பறம் எப்புடிங்க படம் வரும்?”

சிரித்துக்கொண்டே ரப்பரால் தேய்த்துக் கொடுத்தார். வீட்டில் மாட்டி எடிட்டிங்கைத் திறந்ததும், மணப்பெண் பளிச்சென்று திரையில் சிரித்தாள். மாப்பிள்ளையோடு கேசட்டும் துபாய் போனது.

இப்போதும் எது வாங்கினாலும் பூஜை உண்டு. பொட்டு மட்டும் அட்டைப்பெட்டிக்குத்தான்.