மூடியை இறுக்கிய கேன்

1. நாக்கும் மீட்டரும்

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு மிஞ்சும் அசிட்டிக் ஆசிட் தண்ணீரில் சலவைச் சோடா போட்டு, புளிப்பைப் போக்கித்தான் சாக்கடையில் விட வேண்டும். என்னிடம் வேதியியல் பட்டமும் பிஹெச் மீட்டரும் இருந்தன. சாய மாஸ்டர் ஏகாம்பரத்திடம் நாக்கு இருந்தது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்து "போதும்" என்பார். மீட்டரும் பெரும்பாலும் அதையே சொல்லும்.

அன்று நான் தாமதம். பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்பினேன். மூடித்தான் இருந்தது. அதற்குள் மாஸ்டரே ஒரு கேனில் ஆசிட் தண்ணீரையும் சோடாவையும் கலந்துவிட்டார். கல்யாணப் பட்டு பார்க்க வருகிறவர்களுக்கு வாடை அடிக்கக் கூடாதென்று, முதலாளி மூடியை இறுக்கச் சொல்லியிருந்தார். கேன் நிறைமாத வயிறு போல உப்பியிருந்தது.

"அதுல கார்பன் டை ஆக்சைடு..." என்று தொடங்கினேன். ஒருவேளை வீண் பயமோ என்று நிறுத்திக்கொண்டேன்.

"சோடா பாட்டில்ல இருக்கற காத்து தானேமா. ஊரே குடிச்சிக்கினு இருக்குது, யாரு செத்தா?" என்றபடி மாஸ்டர் மூடியைத் திருகக் குனிந்தார்.

பாப்பாவை அதட்டும் குரல் எனக்குத் தானாக வந்தது. "கைய எடுங்க. வெளிய வாங்க."

வந்தார். மூடி பறந்துபோய்க் கூரையில் அடித்தது. அவர் முகம் இருந்த இடத்தில் நுரை பீய்ச்சியது.

"யாருப்பா மூடிய இறுக்கனது?" என்று முதலாளி விசாரித்தார். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள், பதில் சொல்லவில்லை.

2. பாதுகாப்பு ஏற்பாடு

மறுநாள் முதலாளி தீர்வோடு வந்தார்: துத்தநாகம் பூசிய புது இரும்பு வாளி. "பிளாஸ்டிக்னால தான் இந்த வம்பு. இனிமே நிம்மதியா இரும்மா."

அதில் ஆசிட்டை ஊற்றி, பலகையால் மூடி, விறகடுப்புப் பக்கத்திலேயே வைத்தும்விட்டார். பலகையைத் தூக்கிப் பார்த்தேன். வாளியின் உட்புறமெங்கும் பொடிக் குமிழ்கள். துத்தநாகமும் ஆசிட்டும் சேர்ந்தால் வரும் ஹைட்ரஜன். நேற்று வந்தது தீயை அணைக்கும் வாயு, இது தீப்பிடிக்கும் வாயு. முதலாளி முன்னேறிக்கொண்டிருந்தார்.

இம்முறை நான் யோசிக்கவில்லை. "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டே வாளியை முற்றத்துக்கு இழுத்துப் போனேன். "புது வாளிமா" என்று முதலாளி உள்ளேயே நின்று முறையிட்டார்.

"அந்தம்மா சொன்னா மொதல்ல வெளிய வந்துடுங்க மொதலாளி," என்றார் மாஸ்டர். "ஏன்னு அப்புறமா கேட்டுக்கலாம்."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு: ஆசிட்டில் சோடா போட்டால் மூடியை இறுக்காதீர்கள். ஆசிட்டை அந்த வாளியில் ஊற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் முதலில் ஆளை வெளியேற்றுங்கள், பிறகு உங்களைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவதற்கு எனக்கு எப்போதும் நேரம் கிடைத்திருக்கிறது.