துரை ஊதிய லாலான்

நேற்றுக் காலை லோபாக் சந்தையில் கோப்பி பொங்கூஸ் பண்ணி, அதாவது பையில் கட்டி, வாங்கினேன். பிளாஸ்டிக் பையும் சிவப்புக் கயிறும் விரலில் தொங்க வெளியே வந்தபோது ஒரு வெள்ளைத் துணுக்கு மிதந்து வந்து, வியர்த்திருந்த பையில் ஒட்டிக்கொண்டது. லாலான் புல்லின் விதை. "எங்கேருந்து வர்றே?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோப்பிப் பையையும் லாலானையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு பழைய சனிக்கிழமை ஞாபகம் வந்துவிடும்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. செக்ரோல் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் காற்றைப் பற்றிக் கவிதை எழுதுவது என் பழக்கம். காற்று காதலியின் மூச்சு, இந்த மாதிரி. அதே காற்றுதான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லாலானை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் ஒன்பதாம் நம்பர் காட்டில், புதிதாக நட்ட கன்றுகளுக்கு நடுவே போட்டது. அதை ஒழிப்பது மாரியாயி அக்காவின் வேலை. அவரும் ஆறு பெண்களும் எண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு தாளாக, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல, அடியிலிருந்து நுனிவரை துடைப்பார்கள்.

தோட்ட மேனேஜரான துரை உள்ளூர்க்காரர்தான், ஆனாலும் முழங்கால்வரை காலுறை போடுவார். "சனிக்கிழமை நான் நடக்கும்போது ஒரு வெள்ளைப் பூ பறந்தாலும் உங்க கேங் கிடையாது. கண்ட்ராக்ட் ஆள் வந்து மருந்தடிப்பான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஏழு வீடுகள்.

வெள்ளிக்கிழமை பார்த்தால் காடு முழுக்கப் பூ முற்றி நிற்கிறது. அறுத்தால் குலுங்கும், குலுங்கினால் பறக்கும்.

"பொங்கூஸ் பண்ணிட்டு அறுக்கலாம்லா" என்றார் அக்கா.

"எதை?"

"பூவைத்தான் தம்பி. கோப்பியா விக்கிறேன் இங்கே?"

தோட்டத்து வாசல் கடையிலிருந்து கோப்பிப் பைகள் கட்டுக் கட்டாக வந்தன. பூவுக்கு ஒரு பை, கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். நானும் கட்டினேன். "கவிதை எழுதுற கை, பாரு எப்படிப் பூக் கட்டுது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இருட்டுவதற்குள் கட்டி முடித்தோம். விடிந்ததும் அறுத்துப் பையோடு எரித்துவிடுவதாகத் திட்டம்.

நாங்கள் அறுக்கத் தொடங்கும் முன்பே, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, துரை வந்துவிட்டார்.

இளவெயில் பட, நூற்றுக்கணக்கான பைகளுக்குள் புழுக்கத்தில் பனித்துளி. காற்று அடித்ததும் மொத்தக் காடும் அவருக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தது.

"என்ன இது, கிராணி?"

நான் கையிலிருந்த செக்ரோலைப் புரட்டினேன். அக்காதான் சொன்னார்: "நீங்க பறக்கக் கூடாதுன்னீங்க, துரை. பறக்கல."

துரை ஒரு பையைக் கழற்றினார். பூவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, சின்னப் பிள்ளைபோல உஃப்பென்று ஊதினார்.

பஞ்சு எழும்பி, அவர் தொப்பியைச் சுற்றி, கன்றுகளுக்கு மேலே போயிற்று. எட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்தோம். துரையும் பார்த்தார்.

"எழுதிக்க, தம்பி," என்றார் அக்கா, குரலை ஏற்றாமல். "ஒம்பதாம் நம்பர், லாலான் பறந்துச்சு. துரை ஊதுனாரு."

எழுதினேன். வாழ்க்கையில் காற்றைப் பற்றி நான் எழுதிய ஒரே உண்மையான வரி. துரை அதைப் படித்தார், காலுறையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினார், வந்த வழியே நடந்தார். கேங்கை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. அடுத்த மழைக்கு அவர் ஊதிய இடத்தில் லாலான் முளைத்தது. அதையும் அக்காதான் துடைத்தார்.

இப்போது அங்கே வரிசை வீடுகள். தோட்டமும் கேங்கும் போய்விட்டன, அக்கா போர்டிக்சனில் மகள் வீட்டில் காலமானதாகக் கேள்வி. காற்றும் லாலானும் மட்டும் பாக்கி. நேற்று அந்த விதையைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஊத வாயைக் குவித்தேன். எழுதிக்கொள்ளச் சொல்ல ஆள் இல்லை. ஊதாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.