முள் அசையாத நுனி

அப்போது சிராங்கூன் சாலைப் பக்கம் கம்பியில்லாத் தந்திக் கொட்டகையில் எனக்கு வேலை. செய்தி அனுப்பும் ஒரு குட்டை ஏரியல் கம்பியில் மின்சாரம் எங்கே எவ்வளவு ஓடுகிறதென்று அளந்துகொண்டிருந்தோம். அடியில் மீட்டர் முள் துள்ளியது. நடுவில் பாதிதான் ஏறியது. உச்சியில் அசையவே இல்லை.

ஏணியில் நின்ற கூட்டாளி காதர் பாயிடம், "நுனியில கரண்டே இல்ல பாய், தைரியமா புடிங்க" என்றேன், கம்பிக்கு மின்சாரம் விடும் தந்திச் சாவியைக் கீழே அழுத்தியபடியே.

நீல நெருப்பு அவர் விரலுக்குத் தாவியது. பயத்தில் எனக்குச் சாவியை விடக்கூடத் தோன்றவில்லை.

"சாவிய விடுப்பா!" என்று அலறினார்.

கருகிய விரலோடு இறங்கி வந்தவர், "ஓட வழியில்லாம கரண்டோட அழுத்தமெல்லாம் நுனியிலதானே முட்டிக்கிட்டு நிக்குது!" என்றார். மேலதிகாரி துரையிடம், என்னைக் காட்டிக்கொடுக்காமல், தன் கை தவறிப் பட்டதென்று சொல்லிவிட்டார்.

முள் அசையாத இடம்தான் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது.